நீலக் கொழுக்கட்டைப் புல் விதை (கோ 1): வாங்கும் முன் காட்டைப் படியுங்கள்

கொழுக்கட்டை விதை ஒரு கிலோ வாங்கினால் 30 முதல் 40 சென்ட் வரை காணும். ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ என்பது பரிந்துரை. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் இரண்டரை கிலோவிலிருந்து மூன்றேகால் கிலோ வரும். பொட்டலத்தின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கு இருந்தால் அதிர்ஷ்டம். பல பொட்டலங்களில் "வறட்சி தாங்கும், மழையில் தூவவும்" என்பதோடு சரி.

நாம் இங்கே பார்ப்பது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 என்னும் நீலக் கொழுக்கட்டை. காங்கேயம், தாராபுரம், மூலனூர், கரூர் வட்டாரத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் காடுகளில், தானாகவே விளையும் கொழுக்கட்டைக்கு இது நெருங்கிய உறவு. வடக்கே இதே குடும்பத்தை அஞ்சன் புல் என்கிறார்கள். ஜான்சி, ஜோத்பூர் ஆராய்ச்சி நிலையங்களும் தனி ரகங்கள் வெளியிட்டிருக்கின்றன. கொங்கு மானாவாரிக்குக் கோ 1 போதும்.

விதைக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் கொடுக்கலாம். அதை விற்கும் முறைக்கு ஒன்றரைதான். எந்த நிலையில் இருக்கும் காட்டுக்கு இந்த விதை என்று சொல்லாமலே விற்கிறார்கள். பணம் வீணாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

பொட்டலத்துக்குள் இருப்பது

கையில் அள்ளிப் பார்த்தால் விதை போலவே இருக்காது. முள்மயிர் சூழ்ந்த சிறு கொத்துகள், பஞ்சு போல ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். ஒவ்வொரு கொத்துக்குள்ளும் அரிசி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெரிய பிரச்சினையே இந்தப் பொக்குதான். கதிர் முற்றுமுன் உருவியிருந்தாலும், பூக்கும் நேரத்தில் காடு காய்ந்திருந்தாலும் பாதிக்கு மேல் பொக்காக இருக்கும். எடைபோடும் தராசுக்கு அது தெரியாது.

வாங்கியதும் முதல் வேலையாக நூறு கொத்துகளை எண்ணி எடுத்து, ஒவ்வொன்றாக விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் கெட்டியான அரிசி எத்தனையில் கிடைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இன்னொரு நூறு கொத்துகளை ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி நிழலில் வைத்து, இரண்டு வாரம் ஈரம் காயாமல் பார்த்து, முளைத்ததை எண்ணுங்கள். சான்று பெற்ற கொழுக்கட்டை விதைக்கே குறைந்தபட்ச முளைப்புத் திறன் 30 விழுக்காடுதான் விதிக்கப்பட்டிருக்கிறது. சோளம், கம்பு விதையோடு இதை ஒப்பிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நூற்றுக்கு 30 முளைத்தால் நல்ல விதை. 15 முளைத்தால் அளவை இரட்டிப்பாக்குங்கள். ஐந்தாறுக்கு மேல் வரவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள்.

அதற்கு முன் அறுவடை மாதத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கொழுக்கட்டை விதைக்கு 6 முதல் 8 மாத உறக்கம் உண்டு. தை மாதம் உருவிய விதையைச் சித்திரையில் சோதித்தால் எதுவும் முளைக்காது, அதுவே புரட்டாசியில் முளைக்கும். புது விதைதான் நல்ல விதை என்ற வழக்கமான நம்பிக்கை இந்தப் புல்லுக்குப் பொருந்தாது. அவசரம் என்றால் 1 விழுக்காடு பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில், அதாவது லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கரைத்து, 48 மணி நேரம் ஊற வைத்து உறக்கத்தைக் கலைக்கலாம். ஆனால் ஊறிய விதையை நனைந்த மண்ணில் உடனே போட வேண்டும். மழைக்கு முன்னால் புழுதியில் விதைப்பவர்கள் ஊற வைக்கவே கூடாது. உறக்கம் கலைந்த விதைக்கு அடுத்த மழை வரை காத்திருக்கத் தெரியாது.

காடு எந்தப் படியில் நிற்கிறது

தாவர வழிமுறை வளர்ச்சி என்று பாடப் புத்தகத்தில் படித்தது வேறெங்கும் இல்லை, இங்கே காலடியில் நடக்கிறது. வெறும் மண்ணில் முதலில் நெருஞ்சி, தும்பை போன்ற ஒரு மழைச் செடிகள் வரும். அடுத்துக் காக்காய்க்கால் புல், ஒட்டுப்புல் போன்ற ஓராண்டுப் புற்கள். மண் கொஞ்சம் நிலைப்பட்டதும் துடைப்பப்புல்லும் ஊசிப்புல்லும் ஏறும். அதற்கும் பிறகுதான், வேர் ஆழமாக இறங்கிப் பல ஆண்டு நிற்கும் கொழுக்கட்டைத் தூர்களுக்கு இடம் கிடைக்கும். கொழுக்கட்டை முன்னோடிப் பயிர் அல்ல, பிந்திய படியின் புல். அதைக் கொண்டுபோய் முதல் படியில் இருக்கும் பொட்டல் மண்ணில் தூவினால், மண்ணின் மேலோடு கெட்டித்துக் கிடக்கும், ஈரம் இரண்டு நாளில் பறந்துவிடும், முளைத்தது ஒரு வாரத்தில் கருகும். அப்புறம் விதைமேல் பழி.

இந்த வளர்ச்சி ஒரே நேர்கோட்டில் உச்சக் குழுமத்தை, அதாவது கடைசியில் நிலைத்து நிற்கும் தாவரக் கூட்டத்தை, நோக்கிப் போகும் என்று 1916இல் அமெரிக்கத் தாவரவியலாளர் கிளெமென்ட்ஸ் வகுத்தார். அந்த அடிப்படையில் டெக்சாஸ் மேய்ச்சல் நிலங்களைப் படித்த டிக்ஸ்டர்ஹுயிஸ், 1949இல் செடிகளை மூன்றாகப் பிரித்தார். மேய்ச்சல் மிகுந்தால் குறைபவை, முதலில் கூடுபவை, கடைசியில் வெளியிலிருந்து நுழைபவை. கொங்குக் காட்டில் இந்தக் கணக்கை அப்படியே கண்ணால் காணலாம். கொழுக்கட்டையும் நரிப்பயறும் குறைபவை, ஆடு மாடு முதலில் கடிப்பது அவற்றைத்தான். கொழிஞ்சி, ஆவாரை, துடைப்பப்புல் கூடுபவை. ஆவாரை பூத்துக் குலுங்கும் காடு பார்க்க அழகாக இருக்கும், அங்கே மேவு, அதாவது கால்நடைத் தீவனம், குறைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் நுழைபவை.

இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு காட்டின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நேராக நடந்து, ஒவ்வோர் இரண்டு எட்டுக்கும் வலது கால் பெருவிரல் நுனியில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்: கொழுக்கட்டை, வேறு புல், கொழிஞ்சி, ஆவாரை, வெறும் மண், சருகு. நூறு புள்ளி வந்ததும் நிறுத்துங்கள். எண்ணிக்கையே விழுக்காடு. கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் காடு காகிதத்தில் 60 புள்ளி வெறும் மண்ணாக வருவதுண்டு.

நூற்றில் பத்துக்கு மேல் கொழுக்கட்டைத் தூர் இருந்தால் விதை வாங்க வேண்டாம். வேலியை அடைத்துக் கார்த்திகை முதல் தை வரை ஆடு மாடு விடாமல் வைத்தால், இருக்கும் தூர்களே கதிர் விட்டு உதிர்க்கும். பொட்டலத்துக்குச் செலவிடும் பணத்தை முள்கிளுவை வேலிச் சந்தில் போடுங்கள்.

இரண்டிலிருந்து பத்து வரை இருந்து, மீதி பெரும்பாலும் துடைப்பப்புல்லும் ஊசிப்புல்லுமாக இருந்தால், இந்த விதை உண்மையில் அந்தக் காட்டுக்குத்தான். மண் தயாராக இருக்கிறது, தாய்த் தூர் போதவில்லை. இங்கே பொட்டலம் தன் விலைக்கு மேல் உழைக்கும்.

கொழுக்கட்டையே இல்லாமல் வெறும் மண் பாதிக்கு மேல் இருந்தால், முதல் ஆண்டு விதையை நிறுத்தி வையுங்கள். சரிவுக்குக் குறுக்கே வரப்பும் சிறு குழிகளும் போட்டுத் தண்ணீரை நிறுத்த வேண்டும். ஆட்டுக் கிடை போட வேண்டும். வெட்டிய ஆவாரை, கொழிஞ்சியை மேலே பரப்பிச் சருகு மூடாக்கு ஆக்க வேண்டும். ஓராண்டுப் புல் தானாக வந்து மண்ணைப் பிடித்த பிறகு, அடுத்த புரட்டாசியில் விதை.

சீமைக்கருவேலம் புதராக மூடிய நிலம் தனி வகை. எத்தனை ஆண்டு ஆடு மாடு விடாமல் ஓய்வு கொடுத்தாலும் அது புல்லுக்குத் திரும்பாது. 1989இல் வெஸ்டோபி, வாக்கர், நோய்-மெயர் என்ற மூன்று மேய்ச்சல் நில ஆய்வாளர்கள் சொன்னது இதைத்தான். வறண்ட மேய்ச்சல் நிலம் ஏணிப்படி போல ஏறி இறங்குவதில்லை. ஒரு வரம்பைத் தாண்டிவிட்டால் வேறொரு நிலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஆள் தலையிட்டால் ஒழியத் திரும்புவதில்லை. மரத்தை வெட்டினால் போதாது. வெட்டிய தூரிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே ஓர் அடி தோண்டிப் பிடுங்கிய பிறகுதான் கொழுக்கட்டை பற்றிப் பேச வேண்டும்.

ஒரு விஷயத்தைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கொறங்காட்டை மனிதர் கை படாமல் விட்டால் அது கொழுக்கட்டைக் காடாகவே நிற்கும் என்று எண்ண வேண்டாம். இந்த மழைக்கு இங்கே வரக்கூடியது முள்மரக் காடு. வெள்வேலமும் முள்கிளுவையும் ஓரத்தில் நிற்க நடுவே புல் நிற்பது, தலைமுறை தலைமுறையாக அளவாக மேய்த்துக் காத்ததன் விளைவு. அதனால் ஐந்தாறு ஆண்டு மேய்ச்சலே இல்லாமல் பூட்டி வைப்பதும் புல்லுக்குக் கேடுதான். பழைய தாள் தூருக்குள்ளேயே காய்ந்து அடைத்து, நடுத்தூர் வெளிச்சம் இல்லாமல் செத்துப்போகும்.

விதைப்பு: எங்கே தவறுகிறது

கோடை மழைக்குத் தூவுவது முதல் தவறு. சித்திரை, வைகாசி மழையில் முளைத்தது ஆனி, ஆடிக் காற்றில் காய்ந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இளம் புல்லுக்கு எமன். இந்த வட்டாரத்துக்கு நம்பகமான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆகவே புரட்டாசிக் கடைசியில், மண் ஒரு சாண் ஆழம் நனைந்த பிறகு விதையுங்கள்.

ரொட்டவேட்டர் போட்டு மாவாக உழுவது இரண்டாவது தவறு. புதைந்து கிடக்கும் களை விதை எல்லாம் மேலே வரும், இருக்கும் ஒன்றிரண்டு கொழுக்கட்டைத் தூரும் போய்விடும், காடு மறுபடி முதல் படிக்குப் போகும். நாட்டுக் கலப்பையில் அல்லது ஐந்து கொத்துக் கலப்பையில் சரிவுக்குக் குறுக்கே, 50 சென்டிமீட்டர் இடைவெளியில் கோடு கீறினால் போதும்.

மூன்றாவது, ஆழம். அரிசி மிகச் சிறியது. ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போகப் போக முளை மேலே வருவது கடினம். கோட்டில் தூவி, முள் கொப்பை இழுத்துவிட்டால் அதுவே மூடும். கொத்துகள் ஒட்டிக்கொண்டு விதைப்புக் கருவிக்குள் இறங்காது, கையால் தூவினாலும் ஒரே இடத்தில் விழும். ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு ஈர மணல் கலந்து பிசறித் தூவினால் சீராகப் பரவும்.

எறும்பு பற்றி எந்தப் பொட்டலமும் எச்சரிப்பதில்லை. தூவிய அன்றே வரிசை கட்டி இழுத்துக்கொண்டு போகும். மழை தள்ளிப்போனால் பாதி விதை புற்றுக்குள். அதற்கு மருந்து விதை உருண்டை: ஒரு பங்கு விதை, ஒரு பங்கு சாணம், மூன்று பங்கு களிமண், ஒரு பங்கு மணல், அளவாகத் தண்ணீர். சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி நிழலில் உலர்த்துங்கள். ஓர் உருண்டைக்குள் மூன்று நாலு கொத்து இருந்தால் போதும். ஏக்கர் கணக்கில் செய்ய ஆள் செலவு ஆகும், ஆனால் பாறைச் சரிவிலும் ஏர் போகாத இடத்திலும் இதைவிட்டால் வேறு வழி கிடையாது.

உரம்: ஏக்கருக்கு 2 டன் தொழு உரம் அடியில். பரிந்துரைத்த மணிச்சத்து, ஹெக்டேருக்கு 40 கிலோ. சூப்பர் பாஸ்பேட்டாகப் போட்டால் ஏக்கருக்கு 100 கிலோ. யூரியாவை விதைப்போடு போட வேண்டாம். இளசான கொழுக்கட்டையைவிட ஓராண்டுக் களைகள் தழைச்சத்தை வேகமாக உறிஞ்சி மேலே ஏறி நிழல் கட்டிவிடும். புல் நாலு இலை விட்டு, ஒரு களை எடுத்த பிறகு ஏக்கருக்கு 20 கிலோ அளவில் போட்டால் புல்லுக்குப் போய்ச் சேரும்.

தண்ணீர் தேங்கும் களிமண் பள்ளத்துக்கு இந்த விதை ஒத்துவராது. சுண்ணாம்புச் சரளை, செம்மண் மேடு, நீர் வடியும் நிலம் என்றால் அதற்குப் பிடித்த இடம்.

கூடவே விற்கும் பொருட்கள்

முயல் மசால் என்ற பயறு வகைத் தீவனச் செடியின் விதையைச் சேர்த்து வாங்குங்கள். மூன்று வரிசை கொழுக்கட்டைக்கு ஒரு வரிசை முயல் மசால். தோல் கெட்டி என்பதால், கொதித்து இறக்கிக் கொஞ்சம் ஆறிய, 80 டிகிரிச் சூட்டு நீரில் நாலு நிமிடம் முக்கி எடுத்து, குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊற வைத்து விதைக்க வேண்டும். ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் கலப்பதானால் அதற்குப் பிறகு.

"மேய்ச்சல் நிலக் கலவை" என்று எல்லாம் ஒன்றாகக் கலந்து விற்கும் பொட்டலத்தைத் தவிருங்கள். வேலிமசால், முயல் மசால் போன்ற கனமான விதைகள் அடியில் தங்கும், கொழுக்கட்டை மேலே மிதக்கும். காட்டின் ஒரு பக்கம் பயறு வகை, மறு பக்கம் புல் என்று விழும். மேலும் ஒவ்வொன்றுக்கும் விதை நேர்த்தி வேறு. தனித்தனியாக வாங்கி நீங்களே கலந்துகொள்வது மேல். கம்பு நேப்பியர் கரணை இறவைக்கானது. அதை மானாவாரிக் காட்டுக்கு யாராவது தள்ளினால் வாங்காதீர்கள்.

முதல் ஆண்டு

விதைத்த 70 முதல் 75 நாளில் முதல் அறுப்பு வரும். ஒரு சாண் தாள் விட்டு அறுங்கள், ஆடு விட வேண்டாம். வேர் பிடித்ததா என்று பார்க்க, ஒரு கைப்பிடித் தாளைச் சுற்றிப் பிடித்து மாடு இழுப்பதுபோல் வெடுக்கென்று இழுங்கள். தாள் அறுந்தால் மேய்க்கலாம். தூரோடு கையில் வந்தால் இன்னும் இரண்டு மாதம் படலைத் திறக்காதீர்கள்.

அதற்குப் பிறகும் பாதிதான் கால்நடைக்கு. அமெரிக்காவில் கிரைடர் 1955இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்றும் நல்ல ஆதாரம். இலையில் பாதியை எடுத்தால் புல்லின் வேர் ஏறக்குறைய நிற்காமல் வளர்கிறது. 80 விழுக்காட்டை எடுத்தால் வேர் வளர்ச்சி முழுவதும் 12 நாள் நின்றுபோகிறது. நம் ஊரில் ஐப்பசி மழை ஈரம் மண்ணில் நிற்பதே சில வாரம்தான். அதில் 12 நாளை வேர் இழந்தால் கோடையைத் தாங்காது.

எத்தனை உருப்படி விடலாம் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. ஒரு மீட்டர் சதுரச் சட்டம் செய்து, காட்டில் பத்து இடத்தில் வைத்து அறுத்து, வெயிலில் காய வைத்து எடை போடுங்கள். சராசரி 200 கிராம் வந்தால் ஏக்கருக்குச் சுமார் 810 கிலோ காய்ந்த புல். பாதி 405 கிலோ. 320 கிலோ எடையுள்ள காங்கேயம் பசு நாளொன்றுக்கு உடல் எடையில் இரண்டரை விழுக்காடு, அதாவது 8 கிலோ தின்னும் என்று வைத்தால், ஒரு ஏக்கர் ஒரு பசுவுக்கு 50 நாள். நாள் ஒன்றுக்கு 800 கிராம் தின்னும் மேச்சேரி ஆடு என்றால் 50 ஆட்டுக்குப் பத்து நாள். காட்டை மூன்று நாலு தடுப்பாகப் பிரித்து மாற்றி மாற்றி விட்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஒரே படலுக்குள் ஆண்டு முழுதும் விட்டால் பிடித்த தூரையே ஆடு திரும்பத் திரும்பக் கடித்துக் கொல்லும், பக்கத்தில் துடைப்பப்புல் தொடாமல் நிற்கும்.

சீமைக்கருவேலங்காய் தின்ற ஆட்டைப் புதுக் காட்டுக்குள் நேராக விடாதீர்கள். ஒரு வாரம் பட்டியில் வைத்துப் புழுக்கை கழிந்த பிறகு விடுங்கள். வெள்வேலங்காய் தின்றால் பயமில்லை, அந்த மரமும் கொறங்காட்டுக்கு வேண்டியதுதான்.

கொழுக்கட்டை எங்கும் நல்லது என்று நினைத்துக் கண்ட இடத்தில் தூவவும் கூடாது. அரிசோனாப் பாலைவனத்திலும் நடு ஆஸ்திரேலியாவிலும் இதே குடும்பத்துக் கொழுக்கட்டை வேற்று ஊர்ப் புல்லாகப் பரவி, தீயைக் கூட்டி, அங்கத்துத் தாவரங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. மலைப் புல்வெளிக்கும் சோலைக்கும் இந்தப் பொட்டலத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாம் ஆண்டு முதல் விதை வாங்கத் தேவையில்லை. ஒரு மூலையில் பத்து சென்டை மேய்க்காமல் விட்டால் தையில் கதிர் பழுக்கும். எல்லாக் கொத்தும் ஒரே நாளில் முற்றாது, முற்றியது உதிர்ந்துகொண்டே இருக்கும். அதனால் நாலைந்து நாளுக்கு ஒரு முறை காலைப் பனி ஈரத்தில் கையால் உருவுங்கள். இரண்டு நாள் வெயிலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி, தரையில் படாமல் எலி எட்டாத இடத்தில் தொங்க விடுங்கள். பைமேல் மாதத்தை எழுதி வையுங்கள். புரட்டாசியில் அதன் உறக்கம் முடிந்திருக்கும். விதை போதாத இடத்துக்கு, அடர்ந்த தூரைப் பிளந்து மூன்று நாலு தாளோடு வேர்க்கரணையாக நடலாம். 50க்கு 30 சென்டிமீட்டரில் முழு ஏக்கருக்கும் சுமார் 27,000 கரணை தேவை என்பதால், சொட்டை விழுந்த இடங்களை நிரப்ப மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.